ஷெஷ்கல்லாவின் பாகத்தைத் தூர் வாரியது யார் என்பது பற்றி

கிர்சு நகரம். கோயில் வாசற்கூடத்தில், நீர்முறை அதிகாரி முன்னிலையில், மன்றத்து ஆணையர் கேட்க, சாட்சி சொல்லச் சொல்ல எழுத்தர் ஈரக் களிமண்ணில் எழுதியது.

என் பெயர் லூதுகா. தகப்பன் பெயர் லூபாவு, காலமாகிவிட்டார். வயது சரியாகத் தெரியாது. பெரிய படகுக்குக் கீல் பூசிய ஆண்டில் பிறந்தேன் என்று என் தாய் சொன்னதுண்டு. தொழில் கங்காணி. குடியிருப்பு, நினா வாய்க்காலின் இடதுகரையில் பேரீச்சந்தோப்பை ஒட்டிய நாணல் குடிசை. மனைவி இல்லை. பிள்ளை இல்லை. வீட்டில் ஓர் ஆடு உண்டு, அது யார் பேச்சையும் கேட்பதில்லை. ஆட்டைப் பற்றி எழுத வேண்டியதில்லை என்று எழுத்தர் சொல்கிறார். வீட்டில் யார் யார் என்று கேட்டதால் சொன்னேன்.

அரசர் பெயரைச் சொல்லி, சாமியின் ஆயுதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். தெரிந்ததா தெரியாததா என்று எனக்கே விளங்காதவையும் இந்த வழக்கில் சில உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன், பிரித்துக்கொள்வது மன்றத்தின் பாடு.

இந்த ஆண்டு ஆறு இறங்கி வாய்க்காலின் அடி தெரிய ஆரம்பித்ததும் குடிமராமத்து உத்தரவு வந்தது. என் கூட்டத்துக்கு நினா வாய்க்காலின் மேல்கிளை ஒதுக்கப்பட்டது. அந்தக் கிளை சில ஆண்டுகளாகக் கைபடாமல் தூர்ந்து கிடந்தது. வழக்கம்போல் கயிறு பிடித்து அளந்து, ஆளுக்கொரு பாகமாகப் பிரித்து, பாகத்தின் இரண்டு முனையிலும் நாணல் கட்டு நட்டோம். ஆண்கள் வண்டலை வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்துபோய்க் கரையில் கொட்டினார்கள். ஒவ்வொரு பாகத்தின் நடுவிலும் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் அப்படியே நிற்க விடுவோம். அதற்குச் சாட்சித் திட்டு என்று பெயர். பழைய வண்டல் எவ்வளவு உயரம் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அளப்பவர் வந்து அதன் உச்சியிலிருந்து கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பார். அளந்து முடிந்த பிறகு அவரவர் திட்டை அவரவரே இடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்த ஆண்டுத் திட்டுகள் மார்பளவு உயரம் இருந்தன.

மேற்படி ஷெஷ்கல்லா என் கூட்டத்து ஆள். அவனை நல்ல வேலைக்காரன் என்று நான் சொல்லமாட்டேன். சத்தியம் செய்திருக்கிறேன். அவன் ஒரு வெட்டு வெட்டினால் மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு, வெட்டிய இடத்தை ஏதோ புதையல் வந்தது போலப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் கரையிலிருந்து கத்தினால் அடுத்த வெட்டு. இப்படிக் கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிவிட்டது. அதோடு அவனுக்குக் கனவு சொல்லும் பழக்கம் இருந்தது. மத்தியான வெயிலில் வேலை நடக்காது, எல்லோரும் நாணல் பந்தலின் கீழே படுத்துத் தூங்குவார்கள். கங்காணி தூங்கக்கூடாது. எழுந்ததும் ஷெஷ்கல்லா தன் கனவைச் சொல்லாமல் மண்வெட்டியைத் தொடமாட்டான். நினாவில் இருக்கும் நான்ஷே அம்மன் கனவுக்கு உரியவள், அவள் ஊருக்குப் போகிற வாய்க்காலில் படுத்தால் கனவு வராமல் என்ன செய்யும் என்று மற்றவர்களும் அவனுக்குப் பரிந்து பேசுவார்கள்.

ஒருநாள் சொன்ன கனவு எனக்கு நினைவிருக்கிறது. "அண்ணே, இந்த வாய்க்கா முழுக்க எள்ளெண்ணெயா ஓடுது. நீங்க ஒரு கரண்டிய வச்சிக்கிட்டு, யாரும் தொடக்கூடாது, அளந்துதான் குடுப்பேன்னு கரையில இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடுறீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மண் சுமக்கும் கெமேபாவு என்பவள் சிரித்துச் சிரித்துக் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அந்த எண்ணெய் வெயிலில் எப்படி மின்னியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு, அவன் போன நாளைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வது. அன்று மத்தியானம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காற்று இல்லை. கரையில் கொட்டிய வண்டல் காய்ந்து வெடிக்கும் சத்தம் மட்டும் மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. ஷெஷ்கல்லா எழுந்தான். கண் முழுசாகத் திறந்திருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மண்வெட்டியைத் தன் பாகத்திலேயே விட்டுவிட்டு, வாய்க்காலின் அடியில் இறங்கி மேல்பக்கமாக நடக்கத் தொடங்கினான். அடிமண் இன்னும் ஈரமாக இருந்ததால் ஒவ்வோர் அடிக்கும் கறுப்பாகத் தடம் விழுந்தது. வெயில் அவன் பின்னாலேயே வந்து அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகக் காயவைத்தது.

நான் கரையிலிருந்து, "எங்கடா போற?" என்றேன்.

"தண்ணி வருதான்னு பாத்துட்டு வந்துடறேண்ணே."

"தலைமதகு அடைச்சிக் கெடக்கு. எங்கேருந்துடா வரும்?"

அவன் திரும்பாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். ஒதுங்கப் போகிறான், அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கதை சொல்கிறான் என்று நினைத்தேன். வாய்க்கால் வளையும் இடத்தில் கானல் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் அவன் கால் தெரியாமல் போனது. பிறகு இடுப்பு. தலை மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு அதுவும் இல்லை. அவனை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

ஆட்கள் எழுந்த பிறகு தேடினோம். வளைவு வரைக்கும் தடம் இருந்தது. அதற்கு மேல் மண் கல்லாகக் காய்ந்து கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. தலைமதகுக் காவல்காரரைக் கேட்டோம், படகுக்காரர்களைக் கேட்டோம், தோப்பில் பேரீச்சைக்குக் காவல் இருக்கும் கிழவரைக் கேட்டோம். அப்படி ஓர் ஆள் வரவே இல்லை என்றார்கள். இன்றுவரை அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரிந்ததாகவும் தெரியவில்லை.

வேலையில் ஆள் இல்லாமல் போனால் 'ஓடியவன்' என்று எழுத வேண்டும். ஓடியவன் என்று எழுதிவிட்டால் அவன் திரும்பி வரும்வரை அவன் மனைவியும் பிள்ளையும் மாவரைக்கும் சாலைக்குப் போக வேண்டும். இதை மன்றத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே மண்டி போட்டே அரைக்க வேண்டும் என்பதையும், அங்கே இருந்துவிட்டு வந்த பெண்களைத் தெருவில் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பதையும் மட்டும் சொல்லிவைக்கிறேன். ஷெஷ்கல்லாவின் மனைவி பெயர் நின்ஹேது. பெண்குழந்தை ஒன்று, இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது.

அன்று மாலையே ஓடியவன் என்று சொல்லி அனுப்பத்தான் நான் இருந்தேன். என் கடமை அது. கெமேபாவு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "என்ன கங்காணி, அதுக்குள்ள ஆளக் காணோம்னு முடிவு பண்ணிட்டியா?" என்றாள்.

"காணோம்னா காணோம்னுதான் சொல்லணும். எங்கயாவது இருந்தா காட்டு."

"பாகம் வெட்டலன்னாத்தான் கேள்வி வரும். அவனுக்கு மாத்தாளு ஒருத்தன் வெட்டினா அவன் வேலையில இருக்கான்னுதானே சட்டம்?"

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மாற்றாளாக வருகிறவனுக்குச் சொந்தப் பாகம் இருக்கக்கூடாது. ஷெஷ்கல்லாவுக்கு அண்ணன் தம்பி இல்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் சொந்தப் பாகம் இருந்தது. இதை நான் எடுத்துச் சொன்னேன். கங்காணிக்குப் பாகம் கிடையாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கைக்கோலைப் பார்த்தேன்.

"கரையில நிக்கிறதுக்குக் கோலே போதும். அத நட்டுவச்சிட்டு நீ எறங்கு" என்றாள் கெமேபாவு.

மறுநாள் காலையில் கோலைக் கரையில் நட்டுவிட்டு இறங்கினேன். இரக்கப்பட்டு இறங்கினேன் என்று எழுத வேண்டாம். கோபத்தில்தான் இறங்கினேன். இரண்டு நாளில் அவன் திரும்பி வருவான், வந்ததும் அவன் மண்வெட்டியாலேயே அவனை நாலு சாத்து சாத்தலாம் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு நான் பள்ளத்தில் நின்று வேலை செய்தேன். மண்வெட்டி பிடித்துப் பல காலம் ஆகிவிட்டதால் கை பொக்குளித்தது. கீழே நின்றால் இரண்டு கரைக்கும் நடுவில் வானம் ஒரு வாய்க்காலாகத் தெரிகிறது. அதில் பறவைகள் எதிர்த்திசையில் போகின்றன. சத்தமெல்லாம் தூரத்தில் கேட்கிறது, பக்கத்துப் பாகத்து ஆள் இருமினால்கூட வேறு ஊரில் இருமுவது போல இருக்கிறது. வண்டலை வெட்ட வெட்ட அடுக்கடுக்காகப் பாய் மடித்து வைத்தது போல வருகிறது. ஒவ்வோர் அடுக்கும் ஓர் ஆண்டின் தண்ணீர் விட்டுப்போனது. ஓர் அடுக்கில் மீன்செதில், ஓர் அடுக்கில் சின்னச் சின்னச் சிப்பி, ஓர் அடுக்கில் யாரோ போட்டுவிட்டுப் போன செருப்பின் வார். நானும் மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரையிலிருந்து என்னைப் பார்த்துக் கத்த யாரும் இல்லை.

நின்ஹேது தினமும் மத்தியானம் ரொட்டி கொண்டுவருவது வழக்கம். அவன் போன பிறகும் கொண்டுவந்தாள். அவன் இல்லை என்பதை அவளிடம் எடுத்துச் சொன்னேன். "தெரியும்ணே. கை தானா சுட்டுடுது. என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள். ரொட்டியை ஷெஷ்கல்லாவின் சாட்சித் திட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். யாரும் தொடவில்லை. அடுத்த நாளும் வைத்தாள், ஈ மொய்த்தது. அதற்கு அடுத்த நாள் என் முன்னால் வந்து நின்று, குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "வெட்டறவங்கதான் சாப்பிடணும். வீணாக்காதீங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். பார்லி ரொட்டியும் கருவாடும் வெங்காயமும் இருந்தன. வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தாள். ஷெஷ்கல்லாவுக்குப் பல் சரியில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தனை காலம் அவனை மென்று தின்னத் தெரியாத சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

திட்டின் மேல் துணி கட்டியது யார் என்று கேட்டதற்கு, கெமேபாவு. அவள் தன் பழைய கூடை ஒன்றை அதன் தலையில் கவிழ்த்து, ஷெஷ்கல்லா பந்தலில் விட்டுப்போன தலைப்பாகையை அதைச் சுற்றிக் கட்டினாள். ஏன் கட்டினாய் என்று நான் கேட்டேன். "வெயில்ல நிக்கிறானேன்னு பாத்தேன்" என்றாள். ஏமாற்றும் நோக்கத்தோடு கட்டினாள் என்றால் சரியல்ல. ஆட்கள் போக வர அதனிடம் பேசுவார்கள். "என்னப்பா, இன்னிக்கு என்ன கனவு?" என்பார்கள். கொஞ்சம் நின்று பார்ப்பார்கள். பிறகு தாங்களே ஒன்றைச் சொல்வார்கள். ஏனென்றால் அவன் போனதிலிருந்து கூட்டத்தில் எல்லோருக்கும் மத்தியானத் தூக்கத்தில் அவன் வர ஆரம்பித்திருந்தான். ஒருத்தனுக்கு அவன் நாணல் படகில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் கனவில் பேரீச்சை மரத்தின் உச்சியிலிருந்து கூப்பிட்டு, ஊர் முழுக்கத் தெரியுது ஏறி வா என்றானாம். கெமேபாவின் கனவில் வந்து கூடையைத் திருப்பிக் கேட்டானாம். அவள் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்கும் வந்தது. நான் பள்ளத்தில் உழைத்ததால் மத்தியானம் தூங்கிவிட்டேன். கங்காணி ஆன நாளிலிருந்து வேலையிடத்தில் நான் தூங்கியது அப்போதுதான். கனவில் அவன் காய்ந்த வாய்க்காலுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் குதிகாலைத் தொட்டும் தொடாமலும் தண்ணீர் பின்னாலேயே வந்தது, வளர்த்த நாய் வருவது போல. அவன் நின்றால் அதுவும் நின்றது. "எங்கடா போயிட்டே, ஊரே தேடுது" என்றேன். "நான் எங்கண்ணே போனேன்? நீங்கதான் தூங்கிட்டீங்க" என்றான். விழித்தபோது பந்தல் நிழல் நகர்ந்து என் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கால் மட்டும் குளிர்ந்திருந்தது. அவன் இல்லாத மத்தியானங்கள் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு நீர்முறை அதிகாரி பார்வையிட வந்தார். அவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், தவறாகச் சொன்னால் திருத்தட்டும். கரையோரம் மண் சரிந்து கிடந்ததால் கழுதை மேலிருந்து இறங்காமல் தூரத்திலிருந்தே தலைகளை எண்ணினார். நான் பள்ளத்திலிருந்து அவசரமாக ஏறி, கோலைப் பிடுங்கிக்கொண்டு அவர் எதிரில் போய்க் கும்பிட்டு நின்றேன். வெயில் கொதித்துக்கொண்டிருந்தது, வாய்க்காலுக்குள் எல்லாமே நெளிந்துகொண்டிருந்தது. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. அவர் என்னிடம், "ஆளெல்லாம் சரியாத்தான் இருக்காங்க. அந்தத் தலப்பாக்காரன் மட்டும் என்னய்யா, எவ்ளோ நேரமா நகரவே மாட்டேங்கிறான்?" என்று கேட்டார்.

"அவன் எப்பவுமே அப்படித்தாங்க" என்றேன்.

இது பொய் என்றால் சரியல்ல. ஷெஷ்கல்லா எப்போதுமே அப்படித்தான். திட்டும் எப்போதுமே அப்படித்தான். அதிகாரி எதைக் கேட்டார் என்பது அவருக்கே தெரியாதபோது நான் எதற்குப் பதில் சொன்னேன் என்று என்னை எப்படிக் கேட்க முடியும்?

இதைப் பக்கத்துக் கூட்டத்துக் கங்காணி உர்கிகிர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்றுமில்லை என்றால் சரியல்ல. எங்கள் பகுதியில் அரைகுறையாகத் தூர் வாரினால் வண்டல் கரைந்து அவர் பகுதியில் போய்ப் படியும். ஒவ்வொரு ஆண்டும் இதற்காக நாங்கள் கரையில் நின்று கத்திக்கொள்வோம். அன்று அதிகாரி போன பிறகு அவர் தன் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன லூதுகா, உன் கூட்டத்துல மண்ணுக்கும் படியளக்கறாங்களாமே? எங்களுக்கும் நாலு மண்ணு அனுப்பேன், சொன்ன பேச்சக் கேக்கும்" என்றார். அவர் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷெஷ்கல்லா ஓடிவிட்டான், அதை நான் மறைத்தேன் என்று புகார் கொடுத்தவர் அவர்தான்.

அதன் பிறகு அளப்பவர் வந்தார். எல்லாப் பாகங்களையும் அளந்து, ஷெஷ்கல்லாவின் திட்டிலும் கயிற்றை இறக்கிப் பார்த்து, ஆழம் சரி என்று சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை, 'பரவாயில்லையே' என்றும் சொன்னார். அதை நான் மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொருவனும் தன் திட்டை இடித்தான். மாற்றாள் என்ற முறையில் ஷெஷ்கல்லாவின் திட்டை நான்தான் இடிக்க வேண்டும். மண்வெட்டியை ஓங்கினேன். அது மண் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புத்தி பேதலித்துவிட்டது என்றால் சரியல்ல. ஆனால் ஓங்கிய கை இறங்கவில்லை. கெமேபாவு என் பக்கத்தில் வந்து, "விடு, தண்ணி பாத்துக்கும்" என்றாள். விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பூசாரி தலைமதகில் பார்லிக் கள்ளை ஊற்றி வணங்கிய பிறகு மதகைத் திறந்தார்கள். தண்ணீர் எங்கள் பகுதிக்கு வந்து சேரச் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. முதலில் சருகும் நுரையும் வந்தன, புது வீட்டுக்குள் நுழைகிறவர் போலத் தயங்கித் தயங்கி. பின்னால் பழுப்பாகத் தண்ணீர். அது ஷெஷ்கல்லாவின் திட்டை அடைந்து இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. திட்டின் கால்பக்கம் மெல்லக் கறுத்தது, கறுப்பு மேலே ஏறியது. நாங்கள் எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். திட்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தது, தண்ணீரில் எதையோ எடுக்கக் குனிந்தது போல. கூடை மிதந்தது. தலைப்பாகை சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து நீளமாகத் தண்ணீரின் மேல் விரிந்து நினா பக்கமாகப் போனது. நின்ஹேது குழந்தையோடு என் பக்கத்தில் நின்றிருந்தாள். "போறாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குழந்தை துணிக்குக் கையசைத்தது. நான் அழுதேன், ஆட்கள் எதிரில், கோலைக் கையில் வைத்துக்கொண்டு. இதையும் எழுதவும்.

அதன் பிறகு உர்கிகிரின் புகாரின் பேரில் சேவகர்கள் வந்து நின்ஹேதுவையும் குழந்தையையும் மாவரைக்கும் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே இன்னும் விடவில்லை, மன்றத்தின் முடிவு தெரியும்வரை வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேற்று போய்ப் பார்த்தேன். உள்ளேயிருந்து கல்லோடு கல் உரசும் சத்தம் வாசல்வரை கேட்கிறது. குழந்தை அதைக் கேட்டபடியே தூங்கிக்கொண்டிருந்தது. நின்ஹேது எழுந்து நின்று, "நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மன்றத்து ஆணையர் கேட்ட மற்ற கேள்விகளுக்குப் பதில் வருமாறு.

ஷெஷ்கல்லா ஓடிவிட்டான் என்றால் சரியல்ல. ஓடுகிறவன் வெண்கல மண்வெட்டியை விட்டுவிட்டு ஓடமாட்டான். அதை விற்றால் வெகுதூரம் போகலாம். அவன் அதைத் தன் பாகத்தில் போட்டபடியே போனான். செத்துவிட்டானா என்று கேட்டால் தெரியாது. தூக்கத்தில் நடந்தானா என்று கேட்டால், இருக்கலாம்.

கூட்டத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அவன் பாகத்தைப் பங்குபோட்டு வெட்டினார்கள் என்று உர்கிகிர் சொல்வது சரியல்ல. ஒரு கூடை மண்ணைக்கூட வேறு ஆண் யாரும் வெட்டவில்லை. நான் ஒருவனே வெட்டினேன். கையைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன்.

அதன் பிறகு ஆணையர் எழுத்தரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். எழுத்தாணியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். அவர் பேசியதையும் எழுதச் சொல்லி நான் கேட்டுக்கொண்டதால் இப்போது எழுதப்படுகிறது. "யோசிச்சுச் சொல்லுய்யா" என்றார். "நீ கரையிலதான் நின்னேன்னு வச்சிக்க. அப்ப அவன் பாகத்துக்கு மாத்தாளு இல்ல, அந்தப் பொம்பள உள்ள போவா. நீ பள்ளத்துலதான் நின்னேன்னு வச்சிக்க, அப்ப கரையில கங்காணி இல்ல. வேலை நடக்கறப்ப கரைய விட்ட கங்காணிய என்னன்னு எழுதுவோம்னு உனக்குத் தெரியும்."

"தெரியுங்க. ஓடியவன்னு எழுதுவீங்க."

"கங்காணி வேலைக்குன்னு குடுத்த நிலம் போயிடும். படகு இழுக்கற கூட்டத்துல கயிறு பிடிக்கணும், உன் வயசுல. அதிகாரி வந்தப்ப நீ கரையிலதான் நின்னே, கையில கோலோட. அவரே பாத்திருக்காரு. அப்படியே இருந்துட்டுப் போ. அவனுக்காக உனக்கு எதுக்குய்யா இந்த வேல?"

அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்கூடத்தில் வெயில் ஒரு தூண் அளவு நகர்ந்தது. அதன் பிறகு, "எறங்கினேங்க. எறங்கினவன் எறங்கலன்னு எப்படிங்க சொல்றது?" என்றேன்.

ஆகவே, கேட்ட கேள்விக்கு என் முடிவான பதில். ஷெஷ்கல்லாவின் பாகம் வெட்டப்பட்டது. அவனுக்கு மாற்றாள் இருந்தான். அந்த மாற்றாள் நான். அந்த நாட்களில் கரையில் நின்றது என் கோல் மட்டும்தான். அந்த வேலையில் தன் இடத்தை விட்டுப் போனவன் என்று ஒரு பெயர் எழுதியே ஆக வேண்டும் என்றால், என் பெயரை எழுதவும். நின்ஹேதுவையும் குழந்தையையும் இன்றைக்கே, வெயில் தாழ்வதற்குள், வீட்டுக்கு அனுப்பவும்.

இதிலுள்ளவை நான் சொன்னவை. களிமண் காய்வதற்குள் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. முடிவில் 'கங்காணி லூதுகா' என்று எழுதட்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம், வேறு மாதிரி எழுதும்படி சொன்னேன். ஆணையர் தடுக்கவில்லை.

நகக்குறி:
லூதுகா,
ஷெஷ்கல்லாவின் மாற்றாள்.